வந்த வழியே திரும்பாத க்யூபிட்

என் மனைவி குவாண்டம் கணினிக்குக் கம்பைலர் எழுதுகிறாள். மனிதன் படிக்கிற மாதிரி எழுதிய பத்து வரி நிரலை, அந்த இயந்திரம் செய்யக்கூடிய ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன அடிகளாக உடைத்துக் கொடுப்பது அதன் வேலை. நான் பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரமே விடுதலை கொடுத்தவன். கல்யாணம், சாவு எதற்கும் கெமா என்கிற கூடாரம் கட்டி நாற்காலி போடுவேன். எங்கள் வீட்டு மூளை முழுவதும் அவள் தலையில். என் தலை தொப்பி மாட்ட.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, வெளிநாட்டு இயந்திரத்தில் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. விடை சரியாக வராவிட்டால் அவள் குழுவையே கலைத்துவிடுவார்களாம். சோதனையில் எது சரி என்று தெரியாதபடி எல்லா விடைகளும் சமமாக, குருட்டாம்போக்கில் வந்துகொண்டிருந்தன.

கெலாங் பாத்தாவில் ஒரு சாவு வீட்டுக் கெமாவைப் பிரித்துவிட்டு மதியம் திரும்பினேன்.

"என்னங்க, மூஞ்சி வெளுத்திருக்கு?"

"அலமாக், வாய் தவறிடுச்சும்மா. சாவு வீட்ல 'போய்ட்டு வரேன்'னு சொல்லிட்டேன்."

அங்கே சொல்லாமல்தான் கிளம்பவேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"யாருகிட்ட?"

"செத்தவரு சம்சாரத்துகிட்டதான். புருஷன் படத்துக்கு முன்னாடி நின்னுச்சு. சிரிச்சுகிட்டே, 'வாங்க, நாங்க ரெண்டு பேரும் இங்கதான் இருப்போம்'னுச்சு."

அவள் சிரிக்கவில்லை.

"கெமா, நாற்காலி எல்லாத்தையும் எடுத்துட்டு, ஒரு வார்த்தைய மட்டும் விட்டுட்டு வந்துட்டீங்க."

சொல்லிவிட்டுத் திரையையே பார்த்தாள்.

"என் கம்பைலரும் அதத்தான் பண்ணுது லா."

கணக்கின் நடுவே குறித்துவைக்க எடுத்த க்யூபிட்டை, அதாவது அந்தக் கணினியின் நினைவுத் துண்டை, போட்ட அடிகளைக் கடைசியிலிருந்து தலைகீழாகப் போட்டுப் பழையபடி ஆக்கவேண்டுமாம். துளி மிச்சமிருந்தாலும் விடையோடு பின்னிக்கொண்டு கெடுத்துவிடும். நிரலில் ஒரு ஃபங்ஷனுக்குள், அதாவது ஒரு துண்டு நிரலுக்குள், இன்னொரு ஃபங்ஷன் வரும் இடத்தில், உள்ளே இருப்பதைத் திருப்ப அவள் கம்பைலர் மறந்திருந்தது.

திருத்தினாள். மூன்று மணிக்கு அனுப்பினாள். பெரும்பாலும் சரியான விடையே வந்தது. போனில் யாரிடமோ, "வேல செய்யுது! வேல செய்யுது!" என்று கத்தினாள்.

நான் கேட்டேன்: "நடுவுல அது கண்டுபிடிச்சதெல்லாம் எங்க போச்சு?"

"எங்கயும் இல்ல. நடக்கவே நடக்காத மாதிரி ஆயிடுச்சு."

"நடுவுல எட்டிப் பாத்தா?"

"பாத்தா கெட்டுடும்ங்க. சாப்பிட வாங்க."

குழு கலையாத சந்தோஷத்தில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். நான் எட்டிப் பார்த்துவிடக்கூடாதே என்று நாற்காலியைத் திருப்பி, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். சாவு வீட்டில் விட்ட வார்த்தையை இன்னும் யாரும் திருப்பவில்லை; பிடரி மட்டும் சில்லென்று இருந்தது.