நீலத் தட்டும் ஆரணித் தண்ணீரும்

பிற்பகல் இரண்டு மணிக்குப் போளூரில் பஸ் ஏறினேன். ஆரணிக்கு முப்பது கிலோமீட்டருக்குள்தான். டிக்கெட் இரண்டு ரூபாய். எண்பதுகளின் தொடக்கம், ஐப்பசி அடைமழை. ஜவ்வாது மலையிலுள்ள வானாய்வகத்திலிருந்து இரண்டு பெட்டிகளோடு சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெட்டிக்கு ஒரு கண்ணாடித் தட்டு; பிலிமுக்குப் பதில் கண்ணாடியில்தான் அப்போது வானத்தைப் படம் எடுப்போம். இரண்டிலும் ஒரே படம்தான்: கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் கொண்ட மண்டலங்கள் பல கூடியிருக்கும் ஒரு கூட்டம். ஒன்று சிவப்பு ஒளியில் எடுத்தது, மற்றது நீல ஒளியில்.

அந்தக் கூட்டத்தில் பளிச்சென்ற மண்டலங்கள் எத்தனை, மங்கலானவை எத்தனை என்று எண்ண வேண்டும். நீலத்தில் ஒரு கணக்கு வரும், சிவப்பில் வேறு வரும். ஏன் என்பதுதான் என் ஆராய்ச்சி. நீலத் தட்டுக்காக இரண்டு கோடை காத்திருந்தேன். மேகம் போனால் போகிறதென்று விட்டுக்கொடுத்தது ஒரே ஓர் இரவு.

சிவப்பு என் மடியில் இருந்தது. "ரெண்டையும் மடியில வெச்சிகினா பக்கத்துல இருக்கறவங்க எப்படிம்மா உக்கார்றது?" என்று கண்டக்டர் நீலத்தை மேல் பலகையில் ஏற்றிவிட்டார். களம்பூர் தாண்டியதும் கூரை ஒழுக ஆரம்பித்தது.

மூன்றேகாலுக்கு ஆரணி பஸ் நிலையத்தில் பெட்டியைத் திறந்தேன். துருவும் சேறும் கலந்த தண்ணீரில் தட்டு ஊறிக் கிடந்தது. வெட்கப்படாமல் அழுதேன். சேறு காய்ந்து ஒட்டினால் ஒவ்வொரு தூசியும் ஒரு மங்கலான மண்டலமாகத் தெரியும், எதை எண்ணுவது? கழுவலாமென்றால் குழாய்த் தண்ணீரில் மணல். ஒரு மணல் துகள் போதும், படத்தைக் கீறிவிடும். பேட்டரிக் கடையில் காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீர் கிடைக்குமே என்று ஓடினேன். கடை பூட்டியிருந்தது.

பஸ்ஸில் என் வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே பக்கத்து இருக்கையில் வந்த பத்மாவதி கூடவே வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும்.

"தண்ணிக்கா இவ்ளோ பேஜாரு? நாங்க ஜைனருங்க. வடிகட்டாத தண்ணி ஒரு சொட்டு தொட மாட்டோம். ஜல்தியா வாங்க, காயறதுக்குள்ள."

மழையில் நெசவுக்குப் பாவு போட ஆளில்லாத தெரு வழியாக ஓடினோம். அவர் வீட்டு முற்றத்துத் தொட்டியில் மழைத் தண்ணீர் நிரம்பியிருந்தது. இரண்டாக மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டினார். நான் தட்டைச் சாய்த்துப் பிடிக்க, அவர் செம்பிலிருந்து நூல் மாதிரி ஊற்றினார். எத்தனை செம்பு என்று எண்ணவில்லை. எண்ணுவதே பிழைப்பான நான்! பிறகு சமையலறை ஸ்டாண்டில் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துவிட்டு நீலத் தட்டைக் காய நிறுத்தினோம்.

அவர் துணியைத் திருப்பிப் பிடித்து, வடிகட்டிய தண்ணீரையே ஊற்றித் தொட்டிக்குள் அலசினார். எதற்கு என்று கேட்டேன்.

"துணியில சின்னச் சின்ன உயிரு ஒட்டிகினு இருக்குங்க. வந்த எடத்துக்கே போவட்டும்."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"எனக்கும்தான் தெரியல. தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா?"

ஐந்தரைக்கு இலை போட்டுவிட்டார். பொழுது சாய்ந்தால் அந்த வீட்டில் சாப்பாடு கிடையாது. "ராத்திரி பூரா முழிச்சிகினு இருக்கறவங்களுக்கு இப்ப பசிக்குமோ என்னமோ, சாப்டுங்க" என்று சிரித்தார். அவரைக்காய்க் கூட்டும் சுடுசோறும். பசித்தது.

ஏழு மணி பஸ்ஸுக்கு முன் தட்டை விளக்கில் பிடித்து உருப்பெருக்கியால் பார்த்தேன். மூலையில் ஒரு கறை. மற்றபடி மங்கலானவை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பத்மாவதியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டேன். நன்றி என்ற சொல் அப்போது எனக்குப் போதவில்லை.

சென்னையில் எண்ணி முடித்தேன். இதைவிட மங்கலானது தட்டில் பதியாது என்று கணக்கு முடியும் இடத்தில் எங்கள் துறையில் ஒரு கோடு போடுவோம். அதற்குக் கீழே 'மண்டலங்கள் இல்லை' என்று முன்பு எழுதி வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டு, 'தெரியவில்லை' என்று எழுதினேன்.