விஞ்ச் இல்லாமல் போன ஹெலி

விமானப்படையில் ஹெலிகொப்டர் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சொந்த இடம் நாவற்குடா. கடைசி வருஷங்களில் வாவிக்கரைத் தளம் ஒன்றில் சார்ஜன்ட். தளத்தின் பெயர் இங்கே தேவையில்லை. தேவையானது அங்கே நடந்த விஷயம்.

எங்களிடம் மூன்று ஹெலிகள் இருந்தன. ஒன்று ஹேங்கருக்குள் வெறும் கூடாக நின்றது. அதிலிருந்து சாமான் கழற்றித்தான் மற்ற இரண்டையும் ஓட்டினோம். ஆளைத் தூக்கும் விஞ்ச் இரண்டிலும் பழுது. பிரேக் தேய்ந்துவிட்டது, பாரத்தோடு கேபிளை இறக்கினால் நிற்காது. பிரேக் செட் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனேன். டொலர் இல்லை என்றார்கள். அதே மாதம் அணிவகுப்புக்கென்று வெளிநாட்டுப் பெயின்ட் வந்து இறங்கியது. அதை என்னைக்கொண்டே ஹெலிகளுக்கு அடிக்கவும் வைத்தார்கள்.

தலைமையகத்தின் கணக்கில் இரண்டு ஹெலியும் 'ரெடி'. சிப்பாய்களை ஏற்றலாம், துவக்குப் பூட்டலாம், சண்டைக்கு அது போதும் என்பது அவர்களின் நியாயம். விஞ்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அந்த மாரியில் பனிச்சங்கேணிப் பக்கம் வயல் வட்டைகள் எல்லாம் ஒரே வெள்ளமாகின. ஒரு நெல் களஞ்சியத்தின் கூரையில் சிலர் ஏறி நின்றார்கள். அவர்களில் தவராசா என்ற விவசாயியைப் பாம்பு கடித்திருந்தது. பிரதேச செயலகத்திலிருந்து எங்கள் கட்டளை அதிகாரியிடம் ஹெலி கேட்டார்கள். அவர் உடனே அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். விஞ்ச் பழுது என்று நான் போய் ஞாபகப்படுத்தினேன். பைலட் எங்காவது இறக்கப் பார்ப்பார், நீயும் கூடப் போ என்றார்.

போனோம். இறக்க ஓரிடமும் இல்லை. சுற்றிவர ஓடும் வெள்ளம், பக்கத்தில் கரண்ட் கம்பி. தாழப் போனால் எங்கள் விசிறிக் காற்றுக்கே கூரைத் தகரம் கிளம்பியது. கதவடியில் படுத்தபடி கீழே பார்த்தேன். ஒரு பெண், புருஷனின் காலை மடியில் வைத்துக்கொண்டு எங்களை நோக்கிக் கையைத் தூக்கினாள். சரியான விஞ்ச் ஒன்று இருந்தால் சில நிமிஷ வேலை. பிஸ்கட் பார்சல்களைப் போட்டுவிட்டுத் திரும்பினோம். அந்தப் பார்சல்களைத் தள்ளிவிட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

தளத்தில் இறங்கியதும் நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. செயலகத்துக்குப் போன் எடுத்தேன். "எங்களால ஆளத் தூக்க ஏலாது. விஞ்ச் பழுது. ஹெலியப் பாத்துக்கொண்டிருக்காம வள்ளத்த அனுப்புங்க" என்றேன்.

பொழுதுபடுவதற்குள் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"எங்களிடம் என்ன இல்லை என்பதை வெளியாட்களுக்குச் சொல்ல உனக்கு யார் அனுமதி தந்தது? அது படை ரகசியம்."

"யாருக்கு ரகசியம் சேர்? அந்தக் கூரையில் இருந்தவர்களுக்கா?" என்று கேட்டேன்.

விசாரணை வைத்தார்கள். என் பதவி உயர்வு அத்தோடு நின்றது.

தவராசாவை வள்ளத்தில்தான் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது முழங்காலுக்குக் கீழே காலை எடுத்திருந்தார்கள். கட்டிலருகில் அவர் மனைவி புஷ்பம் நின்றார். ஹெலியில் வந்தவன் நான் என்று சொன்னேன். அவர் ஏசவில்லை.

"மீன்புடிக்கிற ஆக்கள் காலையிலயே வள்ளத்தோட வந்தவங்க ஐயா. ஹெலி வருகுதெண்டு செயலகத்தால போன்ல சொன்னாங்க, அதில கெதியாப் போகலாம் எண்டு நாங்கதான் அவங்கள மத்த வீடுகளுக்கு அனுப்பின. ஏலாது எண்டு முதலே சொல்லியிருந்தா அவங்களோடயே போயிருப்பம்தானே."

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த வார்டுப் பக்கமே வரவில்லை.

பிரேக் செட் இல்லாத படையை மன்னிக்கலாம். நாடு கஷ்டத்தில் இருந்தது, எல்லோருக்கும் தெரியும். ஏலாது என்று சொல்ல வெட்கப்பட்டு, ஒரு மனிதனைக் கூரையில் காக்க வைத்ததை என்னால் மன்னிக்க முடியாது. இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கும் டெக்னீஷியன்களுக்குச் சொல்கிறேன்: உதவி கேட்டு வருகிறவர்களிடம், உங்களால் எது ஏலாது என்பதை முதலில் சொல்லுங்கள். தண்டனை தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.