அலமாரிக்குப் பின்னால் 1917

இன்னா என்ற பெண் தன் அறையை விற்றுவிட்டுக் கிளம்பிய சனிக்கிழமை காலையில்தான் நான் அந்த வீட்டுக்கு முதன்முதலாகப் போனேன். வேறு எந்த நாளில் போயிருந்தாலும் அங்கே குடியிருந்த சவேலி எகோரோவிச் என்னை அவ்வளவு சந்தேகப்பட்டிருக்க மாட்டார்.

பீட்டர்ஸ்பர்க்கில் ஃபோன்டாங்கா கால்வாயோரம், நான்கு குடித்தனங்கள் ஒரே சமையலறையையும் ஒரே குளியலறையையும் பங்கிட்டுக்கொண்ட பழைய வீடு. வாசல் மணியை ஒரு தடவை அடித்தால் இன்னாவுக்கு, மூன்று தடவை அடித்தால் சவேலிக்கு. நான் மூன்று அடித்தேன். உள்ளே, ஊருக்குக் கிளம்புகிறவளோடு எல்லோரும், ரஷ்ய வழக்கப்படி, பெட்டிகள் மேல் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதியைக் கெடுத்துக்கொண்டு அவர் எழுந்து வர வேண்டியதாயிற்று. கதவைத் திறந்தால், கேமரா முக்காலியும் அளவெடுக்கும் கருவியுமாக ஒரு பெண், நான்.

"உன்னை யாரு அனுப்பினாங்க?"

பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி, ஒரு வீடியோ கேம் நிறுவனத்தில், கதைக்குத் தோதான இடம் பார்க்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். விளையாட்டின் கதை 1917இல், புரட்சி ஆண்டில் நடக்கிறது. துண்டறிக்கை கடத்தும் அச்சுத் தொழிலாளி ஒருவன், போலீஸ் துரத்த, இப்படி ஒரு வீட்டுக்குள் புகுந்து பின்படிக்கட்டு வழியாகத் தப்ப வேண்டும். நிஜ வீடு ஒன்றை அளவு பிசகாமல் முப்பரிமாணமாகக் கருவியில் பதிந்து வரச் சொல்லியிருந்தார்கள்.

"விளையாட்டா?" என்றார் சவேலி. "போன வருஷம் ஒருத்தன் கரப்பானுக்கு மருந்தடிக்க வந்தேன்னான். பார்த்தா வீட்டு புரோக்கர். இப்ப இன்னா போறா. அடுத்தது நானா?"

எதிர் அறை ரிம்மா லிவோவ்னா தேநீரோடு வந்து நின்றாள். "அவரை விடும்மா. சொந்த நிழலைக் கண்டாலே அடையாள அட்டை கேக்கற ஆளு. என் அறையைப் படம் எடு. நான் அதுல சீமாட்டியா வருவேனா?"

"துரத்தற போலீஸா வருவே," என்றார் சவேலி.

வெந்நீர்க் குழாய் பழுதுபார்ப்பது அவர் தொழில். அடுப்பில் சூப் கொதித்து முடியும்வரை பக்கத்திலேயே நிற்பார். அந்த வீட்டில் யாரையும் அவர் நம்பியதில்லை. புரட்சி முடிந்ததும் பணக்காரர் ஒருவரின் இந்த வீட்டைக் கூறுபோட்டபோது, சமையலறையில் பாதியைத் தடுத்து அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்குக் கொடுத்தார்கள்; அதுதான் இப்போது அவர் அறை. "அன்னிக்கு ஒருத்தன் வந்து அளந்தான், அறை கிடைச்சுது. இன்னிக்கு நீ வந்து அளக்கறே," என்றார்.

எனக்கும் அவர் மேல் சந்தேகம் வந்தது. அவர் அறையில் ஒரு சுவரை முழுதாக மறைத்து ஓக் மர அலமாரி நின்றது. அதை அசைத்தால் தரை இறங்கிவிடும் என்றார். ஆனால் அதன் காலடியில் தரை தேய்ந்து வழவழத்திருந்தது.

தாழ்வாரத்தில் ரிம்மா என் காதில் சொன்னாள்: "குளியலறை வரிசையில அவரை நான் பார்த்ததே இல்ல. ஆனா தலை மட்டும் எப்பவும் ஈரமா இருக்கு. அது எப்படிம்மா?"

அவர் அறையைப் பதியாமல் வேலை முடியாது. நான்காவது தடவையும் போய் நின்றபோது, கதவை உள்ளே தாழிட்டுவிட்டு அவர் கேட்டார்: "உங்க கதையில ஜெயிக்கறது யாரு? சிவப்புப் படையா, வெள்ளைப் படையா?"

"தப்பிச்சு ஓடறவன்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். அலமாரியை ஒரு கையால் தள்ளினார்; அடியில் சக்கரங்கள். பின்னால் ஒரு கதவு. அதற்கப்பால், கீழே செங்கல் வைத்து அடைத்துவிட்ட பின்படிக்கட்டின் மேல்தளம். அங்கே வெள்ளை ஓடு பதித்து, குழாய் இழுத்து, தனக்கென்று ஒரு ஷவர் கட்டியிருந்தார். அனுமதி கிடையாது. நகராட்சிக்குத் தெரிந்தால் இடித்துவிடுவார்கள்.

"ரிம்மாவுக்குத் தெரிஞ்சா?" என்றேன்.

"அதுக்கு நகராட்சியே தேவலை."

அங்கே கருவியை வைப்பதில்லை, யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். அலமாரியைப் பழையபடி தள்ளி வைத்த பிறகே அறையைப் பதிந்தேன். நான் வேலை செய்த நேரம் முழுக்க என் கைப்பேசியை அவர் தன் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

நிறுவனத்திலும் வாய் திறக்கவில்லை. ஆனால் பீட்டர்ஸ்பர்க்கின் பழைய சமையலறைக்குப் பின்கதவு உண்டு என்பது ஊருக்கே தெரியும். விளையாட்டின் அந்தக் கட்டத்தை வடிவமைத்தவர் அதை எங்கே வைப்பதென்று பார்த்திருக்கிறார். வேறு சுவர் காலியாக இல்லை. அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டார். அதற்குள் நான் வேலையை விட்டு அல்மாட்டிக்குக் கிளம்பியிருந்தேன்.

விளையாட்டு வெளிவர மூன்று வருடம் ஆனது. அதன் பிறகு ஒரு நாள் சவேலியிடமிருந்து செய்தி வந்தது:

"லெரா, ரிம்மாவோட மருமகன் உங்க விளையாட்டை வாங்கினான். எங்க வீடுன்னு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினான். போலீஸ் துரத்துது, அவன் என் அலமாரியைத் தள்ளறான், பின்னாடி கதவு. ரிம்மா எழுந்தா. நேரா வந்து என் அலமாரியைத் தள்ளினா. புகார் குடுக்க மாட்டாளாம், ஆனா துண்டோட வருவாளாம். நீ சொல்லலைன்னு சத்தியம் பண்ணுவே, தெரியும். இருந்தாலும் கேக்கறேன், நீ சொன்னியா? பதில் போடு. என் ஷவருக்கு வரிசையிலதான் நிக்கறேன், எனக்கு முன்னாடி மூணு பேரு."