அண்ணனின் திரைக் கோலம்

அண்ணனுக்குச் சர்க்கரையால் கண் போய்க்கொண்டிருந்தது. ஒரு கண்ணில் ஏற்கனவே இருட்டு. மறு கண்ணுக்கு ஆபரேஷன் வைத்திருந்தார்கள். பார்வை நிற்குமா என்று கேட்டதற்கு டாக்டர் கைவிரித்துவிட்டார். அதற்குள் ஒரே ஒரு தடவை தன் பழைய கம்ப்யூட்டரில் அந்தக் கோலத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றார் அண்ணன். விசைப்பலகைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய, டிவியில் மாட்டும் பெட்டி அது. இளவயதில் அவரே புரோகிராம் எழுதி ஒரு சிப்பில் பதித்திருந்தார். சுவிட்சைப் போட்டால் புள்ளி வைத்து, கோடு இழுத்து, திரையில் கோலம் விரியும். வேறு பிரதி கிடையாது.

சரஸ்வதி பூஜையன்று போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. எங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் முதல் மிக்ஸி வரை எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. கம்ப்யூட்டருக்கு மூடிமேல் வைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குப் பக்தி பொத்துக்கொண்டு வந்தது. திறந்து, ஒவ்வொரு சிப்புக்கும் சந்தனம் குழைத்து வைத்தேன். ஈரம் சிப்பின் கால்களுக்கிடையே வழிந்ததைக் கவனிக்காமல் சுவிட்சைப் போட்டேன். டிவி கறுப்பாகவே இருந்தது.

"அலமாக்! என்னடா செஞ்சே?" என்றார் அண்ணன்.

"சரி பண்ணிடுறேண்ணே, கவலைப்படாதீங்க லா."

பெரிய சவடால்! ஜொகூர் பாருவில் சிப் தொழிற்சாலையில்தான் எனக்கு வேலை. ஆனால் அங்கே கெட்டதை மெஷின் ஒதுக்கும், நான் கூடையில் போடுவேன், அவ்வளவுதான். பழுது பார்த்த பழக்கமே கிடையாது. சந்தனத்தைத் துடைத்துவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டு, சிப்புகளை விரலால் தொட்டுப் பார்த்தேன். மெமரி சிப் ஒன்று சுட்டது. அதுதான் போயிருந்தது; கோலம் பதித்த சிப் வேறு. மாற்றுச் சிப் தபாலில் வரப் பத்து நாள் ஆனது. அதுவரை போர்டைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, தினமும் எங்கள் ஊர் பொந்தியான் வெயிலில் துணிக்கொடி அருகே காய வைத்தேன். தேய்த்தபோது ஒரு சிப்பின்மேல் ஒட்டியிருந்த காகிதம் கழன்று வந்தது. அழுக்குக் காகிதம்தானே என்று எறிந்துவிட்டேன்.

புதுச் சிப்பைப் பற்றவைத்துச் சுவிட்சைப் போட்டேன். திரையில் வெளிச்சம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்கு இடிக்காத குறையாக டிவி முன்னால் உட்கார்ந்தார்.

ஒரு சின்னக் கட்டம் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. போர்டைக் குனிந்து பார்த்தேன். காகிதம் கழன்றது கோலம் பதித்த சிப். அதன் முதுகில் ஒரு குட்டிக் கண்ணாடிச் சன்னல். அதன் வழியே நாள்கணக்கில் வெயில் பட்டால் பதித்ததெல்லாம் அழிந்துபோகும். அதை மறைக்கத்தான் அண்ணன் காகிதம் ஒட்டியிருந்தார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"தம்பி," என்றார் அண்ணன். "கோலம் வந்துருச்சா? எனக்குத்தான் தெரியலயா?"

வந்துவிட்டது என்று பொய் சொன்னால் அவர் கண்ணையே நான் பறித்தது போல ஆகிவிடும்.

"வரலண்ணே. இனிமே வராது. நான்தான் வெயில்ல வச்சு அழிச்சிட்டேன்."

அண்ணன் மூச்சை இழுத்து விட்டார். "அப்பாடா. அப்ப கண்ணு இன்னும் போகல."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சுவிட்சை அணைக்கப் போனேன்.

"இருக்கட்டும்டா," என்றார். "அந்தக் கட்டம் மினுக்குறது நல்லா தெரியுது."