பெயின்டர் வீட்டுச் சுவரில் ஓர் அருவி

ஊரில் பாதி வீட்டுச் சுவர்கள் பெயின்டரின் கைபட்டவை. பிரஷ் போன தடம் மயிரளவு தெரிந்தாலும் மனிதருக்குச் சோறு இறங்காது; நீவி நீவிக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டுத்தான் ஏணியை விட்டு இறங்குவார். அப்படிப்பட்டவர் தன் வீட்டுச் சுவரில் அருவி வரையக் கிளம்பியதற்குக் காரணம் அவர் மனைவி.

குளியலறையில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டவள் அவள். எலும்பு கூடிவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிப் பல வாரமாகிறது. சூடு கண்ட பூனை கதைதான். கட்டிலை விட்டு ஓரடி வைக்க மாட்டேன் என்கிறாள். கெஞ்சிப் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். இவள் இப்படியே படுத்துவிடுவாளோ என்ற பயம் அவரை அரித்தது. பார்க்கவாவது ஏதாவது இருக்கட்டும் என்று கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் பிரஷை வைத்தார்.

முதல் அருவி மொழுமொழுவென்று வந்தது.

"எப்படி இருக்கு?"

"கொடியில போர்வை காயப்போட்ட மாதிரி இருக்குங்க. தண்ணி எங்க?"

அவர் முகம் சுண்டிப்போனது. ஆனால் அவள் சொன்னதில் பொய்யில்லையே. எல்லாவற்றையும் அடித்து மூடிவிட்டு, முதலில் கரும்பச்சை, அது காய்ந்ததும் பாறைக்குச் சாம்பல், அதன்மேல் அங்கங்கே நீலம் என்று ஏற்றினார். கடைசியில் தேய்ந்துபோன பிரஷில் வெள்ளையைக் கெட்டியாக அள்ளி, மேலிருந்து விறுவிறுவென்று இழுத்து, பாறையில் மோதும் இடத்தில் குத்திக் குத்தி வைத்தார். அடியிலிருந்த நிறமெல்லாம் வெள்ளைக்கு நடுவே எட்டிப் பார்த்தது. சும்மா சொல்லக் கூடாது, தண்ணீர் விழுந்தது.

"இப்பதான் அருவி," என்றாள் அவள், எழுந்து உட்கார்ந்து.

பெயின்டருக்கு அது காதில் ஏறவில்லை.

"எவ்வளவு பிரஷ் தடம் பாரு. யாராவது பாத்தா என் பொழப்பு என்னாகும்? லேசா நீவி விட்டுடறேன்."

"தொடாதீங்க."

"ஒரே இழுப்பு."

"சொன்னா கேக்க மாட்டீங்களா? கெடுத்துடுவீங்க."

பழகின கை கேட்குமா? அகலப் பிரஷை நனைத்துத் தூக்கியேவிட்டார். அதற்குள் அவர் மணிக்கட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்தது. திரும்பினால், பக்கத்தில் அவள் நிற்கிறாள். கட்டில், அறையின் மறுகோடியில் காலியாகக் கிடக்கிறது.

நடந்து வந்தது அவளுக்கே இன்னும் உறைக்கவில்லை. அருவிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயின்டர் கவனித்துவிட்டார். அதைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று பிரஷை மட்டும் தாழ்த்தினார். பிறகு சுவரின் கடைக்கோடியைக் காட்டி மெல்லக் கேட்டார்.

"அந்த ஓரத்துல மட்டும் நீவிக்கட்டுமா?"

"எந்த ஓரம்?" என்று அவள் அங்கே நடந்தாள்.