பேராதனை வீதி விலாசம்

நல்ல கம்பனியில் வேலை எடுப்பது எப்படி என்று யாராவது மைக்கைப் பிடித்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். அந்த வித்தையை நான் காசு கொடுத்துப் படித்தவள். போன வாரம் அந்த வகுப்பை நடத்தியவரே தொலைபேசியில் கூப்பிட்டார். புதிதாகச் சேர்ந்திருக்கும் பட்டதாரிப் பிள்ளைகளுக்கு நான் வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம். நான் அவர் உருவாக்கிய ஆளாம். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். நேரம் தாராளமாக இருந்தது. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்ற பயத்தில்தான் அப்படிச் சொன்னேன்.

நான் மஹய்யாவக்காரி, கண்டியில் துப்புரவுத் தொழிலாளர்களின் குடியிருப்பு அது. அம்மா மாநகர சபையில் வீதி கூட்டுகிறவர். பேராதனை வீதியில் ஒரு துண்டு அவர் பொறுப்பு. கடைகள் திறக்கும் முன்பே அதைக் கூட்டி முடித்துவிட வேண்டும். அந்தச் சம்பளத்தில்தான் நான் கெம்பஸ் முடித்தேன். பட்டம் வாங்கிய பிறகு எத்தனையோ கம்பனிகளுக்கு விண்ணப்பம் போட்டேன். ஒரு இடத்திலிருந்தும் நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வரவில்லை. என்னை விடக் குறைந்த பெறுபேறு எடுத்த சிநேகிதிகள் கழுத்தில் அடையாள அட்டையோடு கொழும்புக்குப் போய்வந்து கொண்டிருந்தார்கள். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன்.

டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. நடத்தியவர் நம் ஆள்தான், தமிழர். வியர்த்துக் கொட்டினாலும் டையைத் தளர்த்த மாட்டார். எப்படிக் கை குலுக்குவது, கதிரையின் நுனியில் எப்படி உட்காருவது, எந்த இடத்தில் சிரிப்பது என்று எல்லாவற்றுக்கும் பாடம் இருந்தது. உங்கள் குறை என்ன என்று கேட்டால், எதையும் திறம்படச் செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, அதுவே என் குறை என்று சொல்ல வேண்டுமாம். அதைக் கோரஸாகச் சொல்லிப் பழகினோம். வகுப்பே ஒரே குறையோடு வெளியே வந்தது.

பிறகு ஒருநாள் எங்கள் சுயவிபரக்கோவைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னுடையதைப் புரட்டிப் பார்த்துப் பாராட்டினார். முதல் பக்கத்துக்குத் திரும்பியதும் விரல் விலாசத்தில் நின்றது.

"தங்கச்சி, படிப்பெல்லாம் நல்லா இருக்கு. ஆனா இந்த விலாசத்த பாத்தா உள்ளுக்கே கூப்பிட மாட்டாங்க."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கண்டியில் பிறந்தவளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மஹய்யாவ என்று சொன்னதும் எதிரே இருப்பவரின் பார்வை ஒரு கணம் நம் கைகளுக்குப் போய்த் திரும்பும். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து அலுத்துப்போன பார்வை அது. அவரிடம் அதற்கு மருந்தும் இருந்தது. அவருடைய மச்சானுக்குப் பேராதனை வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடை. அந்த விலாசத்தைப் போடச் சொன்னார், கடிதம் வந்தால் எடுத்து வைப்பார்களாம். பக்கத்தில் இருந்த மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் அதே விலாசத்தையே கொடுத்தார். அவளுக்குத் தோட்டத்து லய வீடு இடைஞ்சல், எனக்கு மஹய்யாவ இடைஞ்சல். நாங்கள் இருவரும் அவருக்கு நன்றி வேறு சொன்னோம். நினைத்தால் இன்றைக்கும் நாக்கு கசக்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எந்தக் கடை என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "ஆ, அந்தக் கடையா" என்றார். பிறகு அடுப்பில் கிடந்த பருப்பைக் கிண்டப் போய்விட்டார்.

அடுத்த மாதமே ஒரு பெரிய கம்பனி என்னையும் மடுல்கெல்லப் பிள்ளையையும் நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தது. முகாமைத்துவப் பயிலுநர் வேலை. வாவிக்கரையோரம் குளிரூட்டிய அறை, மேசைக்கு அப்பால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் மனிதவளப் பிரிவின் மேடம். பழகி வைத்ததையெல்லாம் ஒப்புவித்தேன், என் குறையையும் சொன்னேன். அவர்கள் கொட்டாவியை அடக்கினார்கள். அதற்கு முன் எத்தனை பேரிடம் அதே குறையைக் கேட்டார்களோ. திடீரென்று மேடம் இரண்டு கோவைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உனக்கு முன்னால் வந்த பெண்ணுக்கும் இதே விலாசமாக இருக்கிறதே, இருவரும் சகோதரிகளா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இதற்குப் பாடம் நடத்தப்படவில்லை. அது ஒரு ஹார்ட்வெயார் கடை என்றேன். என் வீடு மஹய்யாவ, அம்மா வீதி கூட்டுகிறார், உண்மையான விலாசத்தைப் போட்டால் யாரும் கூப்பிடுவதில்லை என்றும் சொன்னேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடம் மட்டும் பேனையைத் திறந்து ஏதோ குறித்துக்கொண்டார். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

வேலை கிடைத்தது. மடுல்கெல்லப் பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டபோது அந்த விலாசத்தில் போர்டிங்கில் தங்கியிருப்பதாகச் சொல்லிச் சமாளித்தாளாம், அவளை எடுக்கவில்லை. உண்மைக்கு ஒரு விலை இருக்கிறது என்று நானும் கொஞ்ச நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

தகுதிகாண் காலம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது மேடம் கூப்பிட்டார். கம்பனியின் பெயரில் ஒரு படம் போடப்போகிறார்களாம், முகநூலில், பத்திரிகையில், வாசல் மண்டபத்தில். மஹய்யாவவில் எங்கள் வீட்டு முன்னால் நான் கோட் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பக்கத்தில் அம்மா மாநகர சபை அங்கியோடும் கையில் விளக்குமாறோடும் நிற்க வேண்டும். பின்னால் பொதுக்குழாயும் வாளி வரிசையும் தெரிந்தால் நல்லதாம். நேர்முகப் பரீட்சை அன்றே தனக்கு இந்த யோசனை வந்துவிட்டது, அதனால்தான் உன்னை விடவில்லை என்று சிரித்தார். நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்து வைப்பவர்களும் இதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள் என்று கடைசியில் சொன்னார்.

அந்தப் பேனை அன்று என்ன குறித்தது என்று அப்போதுதான் விளங்கியது. நாலு வருடம் இரவுபகலாகப் படித்தது இவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. வகுப்புக்காரருக்கு நாங்கள் ஒளிக்க வேண்டிய குப்பை, இவர்களுக்குக் காட்சிக்கு வைக்க வேண்டிய குப்பை. காறித் துப்பலாம் போல இருந்தது. ஆனாலும் முடியாது என்று அந்த இடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அம்மாவின் முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அந்தப் படம் எடுக்கப்படவில்லை. என் தகுதிகாண் காலத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டினார்கள். விற்பனைக் கணக்கை என்னைப் போல் பார்க்க வேறு ஆள் கிடைக்காததால் பிறகு வேண்டா வெறுப்பாக நிரந்தரமாக்கினார்கள். எனக்குத் தைரியம் வந்து மறுத்தேன் என்று சிலர் நினைக்கிறார்கள். மறுத்தது அம்மா.

அன்று அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கோட்டு, அங்கி, விளக்குமாறு, பொதுக்குழாய் என்று ஒன்று விடாமல் சொன்னேன். நிரந்தரமாவது இதில்தான் தொங்குகிறது என்பதையும் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தைலப் போத்தலை மூடி ஓரமாக வைத்தார்.

"இங்க எதுக்கு புள்ள வர்றாங்க? நீ எழுதிக் குடுத்த வீடு அந்தக் கடைதானே. வெள்ளன அங்க வரச் சொல்லு. எப்பவும் போல அந்த வாசல கூட்டிக்கிட்டு நான் அங்கதான் நிப்பேன்."