சொல்லாமல் கொண்டுபோன சேதி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆனால் இந்த மலையில் எனக்குத் தெரியாத வளைவு கிடையாது. மலைமேல் அடுக்கம் கிராமத்திலிருந்து அடிவாரத்துப் பெரியகுளத்துக்கு வாழைத்தார் சுமந்து இறங்கிய கால் இது. இன்று இரண்டு லாரியும் காப்பித் தோட்டமும் என் பேரில் இருக்கின்றன. யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை.

போன வருஷம் கொடைக்கானலில் அரை மாரத்தான் வைத்தார்கள். இருபத்தொரு கிலோமீட்டர். ஏரியிலிருந்து பெருமாள்மலைப் பக்கம் இறங்கி, திரும்பி ஏறி வர வேண்டும். அறுபது தாண்டியவர்களுக்குத் தனிக் கோப்பை. என்னோடு சுமை தூக்கியவன் என் மனைவியின் தம்பி. அவன் பேரையும் சேர்த்துக் கொடுத்தேன்.

"எனக்கு முட்டி வலி மச்சான். கோப்பை வைக்க அலமாரியும் இல்ல."

"அப்ப வீட்ல ஒக்காந்து ஒங்கக்காவுக்கு வெங்காயம் உரி மாப்ள."

வந்துவிட்டான்.

ஓட்டம் தொடங்குமுன் மைக்கில் கதை சொன்னார்கள். அந்தக் காலத்தில் கிரேக்க நாட்டில், சண்டையில் ஜெயித்த சேதியைச் சொல்ல மாரத்தான் என்ற ஊரிலிருந்து ஒருவன் ஓடினானாம். சொல்லி முடித்ததும் விழுந்து செத்தானாம். "மலை ஏறாத பய போலருக்கு" என்றேன். மச்சினன் சிரித்தான்.

சுமைக்காரர்களுக்கு ஒரு வழக்கம். பாரம் ஏறிவிட்டால் சுமைதாங்கிக் கல் வரும்வரை தண்ணீர் தொட மாட்டோம். நின்று குடித்தால் வயிறு கனத்துக் கால் எழும்பாது என்போம். வழியெல்லாம் மேசை போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். ஓரிடத்தில் மச்சினன் கை நீட்டினான்.

"தலையிலதான் சுமை இல்லையே மச்சான். ஒரு வாய் குடிச்சுக்கிறேன்."

"குடி. அப்புறம் ஒன்னையும் நான்தான் சொமக்கணும்."

கையை இழுத்துக்கொண்டான்.

திரும்பி ஏறும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு வளைவில் சாலையோரச் சுவரில் உட்கார்ந்துவிட்டான். உதடு வெளுத்திருந்தது.

"நீங்க போங்க. நான் வெரசா வந்துர்றேன்."

நாக்கு குழறியது. எனக்குக் கேட்டது. ஆனால் முன்னால் என் வயசுக்காரர் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்தால் கோப்பை எனக்கு.

அடுத்த மேசையில் ஒரு பெண், "தாத்தா, ஓகேவா இருக்கீங்களா?" என்று கேட்டாள். என் ஆள் கீழே உட்கார்ந்திருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலையாட்டிவிட்டுத் தாண்டினேன். அதற்கடுத்த மேசையையும் அப்படியே தாண்டினேன்.

அவரைத் தாண்டி, அறுபது கடந்தவர்களில் முதலாக வந்தேன். கோப்பையைக் கையில் வாங்கிய பிறகுதான் சொன்னேன். ஆம்புலன்ஸ் போனபோது அவன் நினைவிழந்து கிடந்தான்.

உடம்பில் நீர் வற்றி இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. இப்போது வாரம் மூன்று முறை தேனிக்கு டயாலிசிஸுக்குப் போகிறான். என் கார்தான் கூட்டிப்போகிறது. அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

என் மனைவி மட்டும் கோப்பையைத் துடைக்கும்போதெல்லாம் கேட்கிறாள்.

"அவன் ஒக்காந்ததை நீங்க பாக்கவே இல்லையா?"

"நான் முன்னாடி போயிட்டேன்" என்பேன்.

முன்னாடி போனேன், அது உண்மை. பார்த்தேன் என்பதும் உண்மை. அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். நான் எழுதிவைத்த இதையும் படிக்கட்டும்.